பிள்ளைகள் அலமாரியில் பெரியவர்கள் கை!

2014 நவம்பர் 19. தாய்லாந்தின் வடகிழக்கில் இருக்கும் கோன் கேன் நகரம். ஆறு மாதத்துக்கு முன் ராணுவத்தை வைத்து ஆட்சியைப் பிடித்து, பிறகு பிரதமர் நாற்காலியிலும் உட்கார்ந்துகொண்ட தளபதி பிரயுத் சான் ஓச்சா பேசிக்கொண்டிருக்கிறார். திடீரென்று ஐந்து மாணவர்கள் மேடைக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். ஐந்து பேருக்கும் கறுப்பு டி-ஷர்ட். ஆளுக்கு ஒரு துண்டு எழுத்து. சேர்த்துப் படித்தால் 'ஆட்சிக் கவிழ்ப்பு வேண்டாம்' என்று வருகிறது. கையை உயர்த்தி, நடு மூன்று விரல்களை மட்டும் நீட்டுகிறார்கள். போலீஸ் பாய்ந்து வந்து இழுத்துப்போகிறது. எதிர்ப்பவர்கள் இன்னும் யாராவது உண்டா என்று மேடையிலிருந்தே கேட்டுவிட்டு, பிரயுத் பேச்சைத் தொடர்கிறார்.

அந்த வாரம்தான் 'மாக்கிங்ஜே' படத்தின் முதல் பாகம் வெளியானது. பாங்காக்கில் ஒரு தியேட்டர் குழுமம் காட்சிகளை ரத்து செய்தது. ஆறு வருஷம் கழித்து, 2020 மாணவர் போராட்டங்களில் அதே மூன்று விரல்கள் பாங்காக் தெருக்களை நிறைத்தன. 2021 பிப்ரவரியில் மியான்மர் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, அந்த நாட்டின் ஐ.நா. தூதர் சியாவ் மோ துன், பொதுச்சபையில் பேசி முடித்துவிட்டு அதே மூன்று விரல்களை உயர்த்தினார். மறுநாளே அவருடைய பதவியைப் பறித்துவிட்டதாக ராணுவம் அறிவித்தது.

ஒரு தளபதியையும் ஒரு தூதரையும் தொட்ட அந்தச் சைகை ஓர் அமெரிக்க நாவலிலிருந்து வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்ட நாவல். 2008இல் சூசன் காலின்ஸ் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்'. 'மாக்கிங்ஜே' அந்த வரிசையின் படம்தான்.

படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு அது கலகக் குறி. புத்தகத்தில் முதல் தடவை வரும் இடமோ வேறு. தங்கையைக் காப்பாற்ற அவளுக்குப் பதிலாகச் சாவு விளையாட்டுக்குப் போகிறேன் என்று நாயகி காட்னிஸ் முன்வரும்போது, அவள் ஊர் ஜனங்கள் கைதட்ட மறுக்கிறார்கள். மூன்று விரல்களை உதட்டில் வைத்து எடுத்து அவளை நோக்கி நீட்டுகிறார்கள். வழக்கொழிந்துவரும் பழக்கம் அது. எப்போதாவது இழவு வீட்டில் பார்க்கலாம் என்று அவளே சொல்கிறாள். அதாவது, உயிரோடு நிற்கிற பெண்ணுக்கு ஊரே இறுதி மரியாதை செய்கிறது. பதினாலு வயதில் இந்த வரியை யார் நின்று படிப்பார்கள்? அடுத்து என்ன ஆகிறது என்று பக்கம் புரட்டத்தான் கை பரபரக்கும். பல வருஷம் கழித்து எடுத்தால் கை அங்கேயே நின்றுவிடுகிறது.

இப்படித் திரும்ப எடுக்கிறவர்கள் இப்போது பெருங்கூட்டம். 2025 மார்ச்சில் அதே வரிசையில் 'சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்' வந்தது. ஆங்கிலத்தில் மட்டும் முதல் வாரத்திலேயே உலகெங்கும் 15 லட்சம் பிரதிகள். முதல் புத்தகத்தைப் பதினைந்து வயதில் படித்தவருக்கு அப்போது முப்பத்திரண்டு. வீட்டுக் கடன், கைக்குழந்தை, மாமியார் மருத்துவச் செலவு எல்லாம் வந்திருக்கும். அவர்களும் புத்தகக் கடை வரிசையில் நின்றார்கள். ஏன் நின்றார்கள் என்பதைவிட, அதனால் என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மன்னிக்காத மகள்

'ஹங்கர் கேம்ஸ்' கதையில் காட்னிஸுக்குப் பதினாறு வயது. அவளுக்குப் பதினொன்று இருக்கும்போது அப்பா நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்தில் செத்துப்போகிறார். அம்மா அப்படியே உறைந்துபோகிறாள். நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி, படுத்தால் படுத்தபடி. அடுப்பு எரிவதில்லை. இழப்பீட்டுப் பணம் கரைகிறது. பெரியவள் மழையில் நனைந்துகொண்டு ரொட்டிக்கடையின் குப்பைத்தொட்டியைக் கிளறுகிறாள். அந்தப் பசியை அவள் மறக்கவில்லை. அம்மாவை மன்னிக்கவும் இல்லை. விளையாட்டுக்குக் கிளம்பும் முன் கடைசியாகப் பார்க்க வரும் அம்மாவிடம், இந்தத் தடவையும் அப்படி முடங்கிவிடாதே என்று உத்தரவே போடுகிறாள்.

பதினைந்து வயது வாசகி முழுக்க காட்னிஸ் பக்கம். சந்தேகமே கிடையாது. என்ன அம்மா இவள், சின்னப் பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டு!

அதே வாசகி முப்பதைத் தாண்டும்போது, காட்னிஸ் கவனிக்காமல் சொல்லிவிட்டுப் போன விஷயங்கள் கண்ணில் படுகின்றன. அந்த அம்மா நகரப் பகுதியில் மருந்துக்கடைக்காரர் வீட்டில் வசதியாக வளர்ந்தவள். காதலுக்காகச் சுரங்கத் தொழிலாளியைக் கட்டிக்கொண்டு கரித்தூசிக் குடியிருப்புக்கு வந்தவள். புருஷன் போனதும் அவளுக்கு வந்தது மனநோய். அந்த ஊரில் மற்றவர்களின் உடம்புக்கு மருந்து கொடுக்கிறவளே அவள்தான். அவளுக்குக் கொடுக்க யாரும் இல்லை. இரண்டாம் பாகத்தில் சவுக்கடி பட்டுக் கிழிந்த முதுகோடு நண்பன் கேலைத் தூக்கிக்கொண்டு வரும்போது, கை நடுங்காமல் வேலை பார்ப்பது அந்த அம்மா. காட்டில் வில்லெடுத்து வேட்டையாடும் வீராங்கனை மகளுக்கோ, காயத்தைக் கண்டால் ஓடிப்போகத் தோன்றும். இதையும் காட்னிஸ்தான் சொல்கிறாள். ஆனால், சொல்வதன் அர்த்தம் அவளுக்குப் பிடிபடுவதில்லை.

பதின்பருவ நாவலின் சூட்சுமம் இந்த இடத்தில் இருக்கிறது. வளர்ந்த ஒருவர் பழைய நாட்களைத் திரும்பிப் பார்த்துச் சொல்லும் கதை வேறு. இது அந்த வயதுக்குள் நின்றுகொண்டு, அன்றைய கோபத்தோடு, அன்றைய அரைகுறைப் பார்வையோடு சொல்லப்படுவது. அந்தப் பிள்ளைக்குத் தெரியாதது கதைக்குள் இருக்கும். பிள்ளை அதைத் தாண்டிப் போய்விடும். நல்ல எழுத்தாளர் அதை அங்கே விட்டுவைக்கிறார். முதல் வாசிப்பில் பிள்ளையின் தோளோடு நிற்கிறோம். மறுவாசிப்பில் நாம் நிற்பது கதையில் வரும் பெரியவர்கள் பக்கம். பல சமயம் அது குற்றவாளிக் கூண்டாக இருக்கிறது.

இன்னொன்று. முதல் மூன்று புத்தகங்களிலும் அந்த அம்மாவுக்குப் பெயரே கிடையாது. 'அம்மா', அவ்வளவுதான். 2025இல் வந்த முன்கதையில், காட்னிஸ் பிறப்பதற்கு முந்தைய காலத்தில், அவள் இளம்பெண்ணாக வருகிறாள். பெயர் அஸ்டரிட் மார்ச். வாசகர்கள் திரும்பி வந்ததுபோலவே எழுத்தாளரும் பதினேழு வருஷம் கழித்துத் திரும்பி வந்து அவளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்.

மந்திரவாதி ஆடு மேய்க்கிறான்

தன் புத்தகத்தைத் தானே கூண்டில் ஏற்றிய எழுத்தாளர் என்றால் அர்சுலா லெ குவினைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சிறுவர்களைவிடக் கொஞ்சம் பெரியவர்களுக்கு ஒரு கதை எழுதித் தாருங்கள் என்று கலிஃபோர்னியாவின் ஒரு சின்னப் பதிப்பகம் கேட்க, 1968இல் அவர் எழுதியது 'எ விஸர்ட் ஆஃப் எர்த்சீ'. மந்திரவாதிகளுக்கான பள்ளிக்கூடம், அங்கே படிக்க வரும் கர்வக்காரப் பையன், அவன் அவிழ்த்துவிட்ட நிழலே அவனைத் துரத்துவது... ஹாரி பாட்டருக்கு முப்பது வருஷம் முந்தைய கதை. நாயகன் கெட் கறுத்த தோல்காரன். ஆனால், பல அட்டைப்படங்களிலும், 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் அவனை வெள்ளைக்காரனாக்கிவிட்டார்கள். லெ குவின் அதைப் பகிரங்கமாகவே கண்டித்தார்.

1972இல் மூன்றாம் புத்தகம் வந்தது. சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவில் திறந்துவிட்ட வாசலை அடைக்க, கெட் தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிடுகிறான். முற்றும் போட்டாயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பதினெட்டு வருஷம் கழித்து, 1990இல், நாலாவதாக 'டெஹானு' வருகிறது. யார் நாயகி? இரண்டாம் புத்தகத்தில் கல்லறைக் கோயிலில் பூசாரியாக இருந்த சிறுமி டெனார். இப்போது நடுவயது விதவை, பண்ணை வேலை பார்ப்பவள். யாரோ தீயில் தள்ளிக் கருக்கிய ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். பறவை நாகத்தின் மேல் ஏறி வந்து இறங்கும் கெட்டுக்கு மந்திரம் கிடையாது. மலையில் ஆடு மேய்க்கப் போகிறான்.

பழைய வாசகர்கள் பலருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீரனை இப்படி ஆக்கிவிட்டாரே என்று புலம்பினார்கள். லெ குவின் பின்வாங்கவில்லை. 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசும்போது, முதல் மூன்று புத்தகங்களையும் ஆண் வீரர்களின் மரபுக்குள் இருந்தபடியே எழுதியிருந்ததை அவரே அலசினார். அந்த உலகத்தில் பெண்கள் எங்கே இருந்தார்கள், சமையல்கட்டில் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் போனதன் பலன்தான் நாலாவது புத்தகம். பழைய மூன்றில் ஒரு வார்த்தையும் மாறவில்லை. ஆனால், நாலாவதைப் படித்துவிட்டு முதலாவதை எடுங்கள். அதே வார்த்தைகள் வேறு மாதிரி ஒலிக்கும். என்னைக் கேட்டால் நாலும் சேர்ந்ததுதான் அந்தக் கதை. மூன்றோடு நிறுத்திக்கொள்கிறவர்களோடு மல்லுக்கட்டவும் தயார்.

[பாக்ஸ்] சத்தமில்லாமல் மாறிய நான்சி

நம் ஆங்கில மீடியம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த துப்பறியும் பெண் நான்சி ட்ரூ. 1930இல் தொடங்கிய வரிசை. அட்டையில் 'கரோலின் கீன்' என்று இருக்கும். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. தொடக்க காலப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் மில்ட்ரெட் விர்ட் பென்சன். 1959 முதல் பழைய புத்தகங்களை ஒவ்வொன்றாகத் திருத்தி, சுருக்கி மறுபடி அச்சடித்தார்கள். 25 அத்தியாயம் 20 ஆனது. நான்சியின் வயது 16இலிருந்து 18 ஆனது. கறுப்பின மக்களை இழிவாகக் காட்டிய பகுதிகள் போயின. சில இடங்களில் அந்தப் பாத்திரங்களே இல்லாமல் போனார்கள். அட்டையில் தலைப்பு என்னவோ பழையதுதான். பாட்டி படித்ததும் பேத்தி படிப்பதும் ஒரே புத்தகம் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

டல்சா பெண்ணின் டைப்ரைட்டர்

பதின்பருவ நாவலின் பின்கதை கொஞ்சம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்று ஒரு ஊர். அங்கே ஒரு பள்ளி மாணவி, தன் வயதுப் பிள்ளைகளைப் பற்றி உண்மையாக எழுதிய புத்தகம் நூலகத்தில் ஒன்றுகூட இல்லையே என்று எரிச்சலாகி, பதினைந்து வயதில் தானே எழுத உட்கார்ந்தார். பணக்காரப் பையன்களுக்கும் எண்ணெய்த் தலை ஏழைப் பையன்களுக்கும் நடக்கும் சண்டை. எழுதிக்கொண்டிருந்த வருஷம் பள்ளியில் படைப்பெழுத்துப் பாடத்தில் அவர் வாங்கிய கிரேடு 'டி' என்பதை அவரே பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். 1967இல் 'தி அவுட்சைடர்ஸ்' வெளியானபோது எஸ்.ஈ. ஹின்டனுக்கு வயது 18. முழுப் பெயரைப் போட்டால், பையன்களைப் பற்றிப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பதிப்பகம் இனிஷியலை மட்டும் போட்டது.

சினிமாவான கதை இன்னும் சுவாரசியம். கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் ஒரு பள்ளி நூலகரும் மாணவர்களும், இதைப் படமாக்கித் தாருங்கள் என்று கையெழுத்துப் போட்டு, புத்தகத்தோடு 'காட்ஃபாதர்' இயக்குநர் கொப்போலாவுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அவர் எடுத்தேவிட்டார், 1983இல் வந்தது. வெட்டி எறிந்த 22 நிமிடக் காட்சிகளைச் சேர்த்து 2005இல் மறுபடி வெளியிட்டார். 2024இல் அதே கதை பிராட்வே இசை நாடகமாகி, சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதும் வாங்கியது.

ஹின்டனின் நாயகன் போனிபாய்க்குப் பதினாலு வயது. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பகுதிக்குத் தேவைப்படும்.

உட்கார இடம் இல்லாத பிள்ளைகள்

2000 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் தன் விற்பனைப் பட்டியலைப் பிரித்து, சிறுவர் நூல்களுக்குத் தனிப் பட்டியல் போட்டது. காரணம், ஹாரி பாட்டர். பெரியவர்களுக்கான பட்டியலின் மேல்வரிசையில் அந்தப் பையன் உட்கார்ந்துகொண்டு இறங்கவே இல்லை. இலக்கிய நாவல் வெளியிட்டவர்கள் முணுமுணுத்ததும் பையனைக் கீழ்வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரியவர்கள் கீழ்வீட்டுக்கும் வந்துவிட்டார்கள்.

2012இல் பௌக்கர் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் அமெரிக்காவில் கணக்கெடுத்தது. பதின்பருவ நாவல்களை வாங்குபவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைக்குப் பரிசாக வாங்குகிறார்களா என்றால் இல்லை. வாங்கும் தடவைகளில் 78 சதவீதம் தாங்கள் படிக்கத்தான் என்று அவர்கள் சொன்னார்கள். 2014இல் 'ஸ்லேட்' இதழில் ரூத் கிரஹாம், பெரியவர்கள் இதற்கு வெட்கப்பட வேண்டும் என்று எழுதப்போக, இணையமே அவர் மேல் ஏறி விழுந்தது.

எனக்கு ரூத் கிரஹாமின் கவலை பெரிதாகத் தெரியவில்லை. நாற்பது வயதில் காட்னிஸின் அம்மாவைக் கண்டுபிடிப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆபத்து வேறு பக்கம். காசு கொடுப்பவர் முப்பது வயதுக்காரர் என்று தெரிந்த பிறகு, பதிப்பகம் யாருக்காகப் புத்தகம் போடும்?

பதிலைக் கடை அலமாரியிலேயே பார்க்கலாம். 2009இல் செயின்ட் மார்ட்டின்ஸ் பதிப்பகம் 'நியூ அடல்ட்' என்று ஒரு புதுப் பெயரைச் சூட்டிக் கதைகளை வரவேற்றது. பள்ளி முடித்தவர்களுக்கு, காதலும் படுக்கையறையும் கூடுதலாக. 2015இல் பதின்பருவ நாவலாக வந்த சாரா ஜே. மாஸின் ஒரு வரிசையை, 2020இல் அட்டையை மாற்றிப் பெரியவர்களுக்கான புத்தகமாகவே மறுவெளியீடு செய்தார்கள். ஐந்து வருஷம் அது எந்தப் பிள்ளைகள் கையில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நாயகிகளுக்குப் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று வயது ஏறிக்கொண்டே போகிறது. போனிபாயின் பதினாலு வயது எங்கே? எட்டாம் வகுப்புப் பிள்ளை தன் வயதில் ஒரு நாயகனைத் தேடினால், கீழே படம் போட்ட குழந்தைப் புத்தகம், மேலே அத்தை படிக்கிற காதல் கதை. நடுவில் காலி.

பிள்ளைகள் படிக்காமல் போவதற்கு செல்போன்தான் காரணம் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். செல்போனுக்குப் பெரிய பங்கு உண்டு, சரி. ஆனால், பெரியவர்கள் உட்கார்ந்து நிறைத்துவிட்ட பெஞ்சில் பிள்ளை எங்கே உட்காரும்?

[பாக்ஸ்] எண்கள் சொல்வது

அமெரிக்க அரசின் தேசியக் கல்வி மதிப்பீட்டில், ஏறக்குறைய தினமும் விருப்பத்துக்காகப் படிக்கிறேன் என்று சொன்ன 13 வயதுப் பிள்ளைகள் 2012இல் 27 சதவீதம். 2023இல் 14 சதவீதம். பிரிட்டனில் நேஷனல் லிட்டரசி டிரஸ்ட் 2025இல் நடத்திய கணக்கெடுப்பில், ஓய்வு நேரத்தில் படிப்பது பிடிக்கும் என்றவர்கள் 8 முதல் 18 வயதுக்குள் மூவரில் ஒருவர்தான்: 32.7 சதவீதம். அதே பிரிட்டனில் ஹார்ப்பர்காலின்ஸும் நீல்சன் நிறுவனமும் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, பதின்பருவ நூல்களின் வாசகர்களில் 74 சதவீதம் பேர் வயது வந்தவர்கள். 28 சதவீதம் பேர் 28 வயதைத் தாண்டியவர்கள்.

படிக்காமலே தடை

பெரியவர்கள் பிள்ளைகளின் அலமாரிக்குள் வரும் இன்னொரு வழி, புத்தகத்தை எடுத்து வெளியே போடுவது. 1975இல் ஜூடி ப்ளூம் எழுதிய 'ஃபாரெவர்' நாவலுக்குக் காரணம் அவர் மகள். காதலித்த பெண் கடைசியில் சாகாமலும் சீரழியாமலும் இருக்கிற கதை ஒன்றாவது எழுதேன் என்று கேட்டாளாம். அம்மா எழுதினார். உடல் உறவு, கருத்தடை எல்லாம் அதில் மூடி மறைக்காமல் வரும். அந்தப் பெண் சாகவில்லை. காதல் முறிகிறது, பெண் படிப்பைத் தொடர்கிறாள். அவ்வளவுதான்.

அதைத் தலையணைக்கு அடியில் ஒளித்துப் படித்த பெண்கள் இன்று பாட்டிகள். 2024 ஆகஸ்டில் யூட்டா மாநிலம் தன் அரசுப் பள்ளிகள் அனைத்திலிருந்தும் நீக்க வேண்டிய 13 புத்தகங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் 'ஃபாரெவர்' இருக்கிறது. அங்கே புதுச் சட்டப்படி, மூன்று பள்ளி மாவட்டங்கள் ஒரு புத்தகத்தை ஆபாசம் என்று நீக்கினால் போதும், மாநிலம் முழுவதும் நீக்கியாக வேண்டும். பென் அமெரிக்கா அமைப்பின் கணக்கில், 2023-24 கல்வியாண்டில் மட்டும் அமெரிக்கப் பள்ளிகளில் 10,046 புத்தகத் தடைகள்.

தடை கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு பக்கத்தைத் துண்டாக எடுத்துக்கொண்டு வந்து கூட்டத்தில் உரக்கப் படிப்பார்கள். முழுப் புத்தகத்தையும் உட்கார்ந்து படிக்கச் சொன்னால் பாதி வழக்கு தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது. மீதிப் பாதி தீராது. ஆஞ்சி தாமஸின் 'தி ஹேட் யூ கிவ்' (2017) கதையில், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, தன் கறுப்பின நண்பனைப் போலீஸ்காரர் சுட்டுக் கொல்வதை நேரில் பார்க்கிறாள். இதை எதிர்க்கிறவர்களில் ஒரு பகுதியினருக்கு அது என்ன சொல்கிறது என்பது நன்றாகவே புரிகிறது. புரிவதால்தான் எதிர்க்கிறார்கள்.

நம்மூரில் பத்தாம் வகுப்பு என்ற சுவர்

நாற்பதைத் தாண்டிய தமிழ் வாசகரிடம், பதினாலு வயதில் என்ன படித்தீர்கள் என்று கேட்டால் முகம் மலர்ந்துவிடும். அம்புலிமாமா, கோகுலம், வாண்டுமாமா, 1972 முதல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவி, 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ். அதற்கு அடுத்த படி? நேராகப் பெரியவர்கள் அலமாரிக்கு ஒரு தாவல். ராஜேஷ்குமார், சுஜாதா, கல்கி. அங்கே அலமாரியைப் பிள்ளைகளிடமிருந்து பெரியவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்றால், இங்கே அப்படி ஓர் அலமாரியை யாரும் அடித்து வைக்கவே இல்லை.

அதனால் 'பொன்னியின் செல்வன்' தன் வேலையோடு அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 1950களில் பெரியவர்களுக்கான வாரப் பத்திரிகையில் வந்த தொடர்தான். ஆனால், தலைமுறை தலைமுறையாக எட்டாவது, ஒன்பதாவது கோடை விடுமுறையில்தான் பலரும் அதை எடுத்தார்கள். அந்த வயதில் நாம் எல்லோரும் வந்தியத்தேவன் குதிரையின் பின்னால் ஓடியவர்கள். அறுபத்து நான்கு விழுப்புண்ணோடு, கடைசிக் காலத்தில் இளம்பெண்ணைக் கட்டிக்கொண்ட பெரிய பழுவேட்டரையர் நமக்கு வேடிக்கைப் பொருள். ஐம்பது வயதில் ஐந்து பாகத்தையும் மறுபடி எடுத்த நண்பர் ஒருவர், இந்தத் தடவை தன்னால் அந்தக் கிழவரைத் தாண்டிப் போகவே முடியவில்லை என்றார். வாழ்நாளெல்லாம் சோழ குலத்துக்கு வாளெடுத்தவர், வீட்டுக்குள் நடப்பது தெரியாமல் ஏமாந்து, ஊர் சிரிப்பதும் புரிந்து, வெளியே சொல்ல முடியாமல் நிற்கிறார். கல்கி அதை எழுதித்தான் வைத்திருந்தார். நமக்குத்தான் குதிரையை விட்டுத் திரும்பிப் பார்க்க நேரமில்லை.

பதின்பருவத்துக்கே உரிய தமிழ்க் கதை ஒன்று சொல்லுங்கள் என்றால் எனக்கு முதலில் வருவது இரா. நடராசனின் 'ஆயிஷா'. தொண்ணூறுகளில் வந்த சின்னக் குறுநாவல். ஒரே மூச்சில் படித்துவிடலாம். கேள்வி கேட்பதே குற்றமாகிப்போன வகுப்பறை. கேட்டுக்கேட்டு அடிவாங்கும் மாணவி, அடி உறைக்காமல் இருக்க உடம்பை மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்துச் செத்துப்போகிறாள். மாணவராகப் படித்தவர் ஆயிஷாவுக்காக அழுவார். பிறகு பி.எட். முடித்து அவரே கரும்பலகை முன் நிற்கும்போது எடுத்துப் பார்த்தால், கதையைச் சொல்வது ஆயிஷா அல்ல, ஒரு டீச்சர் என்பது உறைக்கும். அந்தப் பெண்ணை நேசித்தும் காப்பாற்ற முடியாமல் போன டீச்சர். ஆசிரியர் பயிற்சிகளில் இன்றும் இந்தக் கதை கைமாறிக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம். மாணவர்களை அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்துவிட்டது. கேள்வி கேட்கும் பிள்ளையைப் பார்த்து எரிச்சலாவதை எந்தப் பிரிவும் தடை செய்ய முடியாது; அங்கே ஆயிஷாவுக்கு வேலை இருக்கிறது.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. சாகித்ய அகாடமியின் பால புரஸ்கார் விருது தமிழில் 2023இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'க்கும், 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்கும் கிடைத்தது. இரண்டுமே நாவல்கள், நீதிக்கதைத் தொகுப்பிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டோம். அரசுப் பள்ளிகளில் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு 'ஊஞ்சல்', ஆறு முதல் ஒன்பது வரை 'தேன்சிட்டு' என்று பள்ளிக் கல்வித் துறையே இதழ் நடத்துகிறது.

ஒன்பதோடு ஏன் நிற்கிறது? காரணம் எல்லா வீட்டுக்கும் தெரியும். பத்தாம் வகுப்பு வந்ததும் கேபிள் துண்டிக்கப்படும், கதைப் புத்தகம் பரணுக்குப் போகும், "பரீட்சை முடியட்டும், அப்புறம் படிச்சுக்கலாம்" என்பார்கள். அந்த 'அப்புறம்' நீட் வகுப்பிலும் இன்ஜினீயரிங் செமஸ்டரிலும் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அம்மாவை மன்னிக்க முடியாத, அப்பாவோடு பேச முடியாத, கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் நிற்கிற அந்த மூன்று வருஷத்தில் கதையே இல்லாமல் ஒரு பிள்ளையைக் கடத்திவிடுகிறோம். நாற்பது வயதில் திரும்பி எடுக்க அந்தப் பிள்ளையிடம் என்ன இருக்கும்? கைடு புத்தகத்தை யாரும் மறுவாசிப்பு செய்வதில்லை.

செய்ய வேண்டியது ஒன்றும் மலையைப் பெயர்க்கும் வேலை அல்ல. 'தேன்சிட்டு'வை மேல்நிலை வகுப்புக்கு நீட்டலாம். புத்தகக் காட்சி அரங்குகளில் 'சிறுவர்' பலகைக்கும் 'நாவல்' பலகைக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பலகை மாட்டலாம். அதை நிரப்ப, அந்த வயதின் கோபத்தை இன்னும் மறக்காத எழுத்தாளர்கள் வேண்டும். பிள்ளைகளுக்கு நல்லது சொல்ல வேண்டும் என்ற ஆசையை அவர்கள் வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். ஹின்டன் அதைத்தான் செய்தார், பதினைந்து வயதில்.

[பாக்ஸ்] மறுபடி எடுத்தால் யாரைப் பார்ப்பது?

'தி அவுட்சைடர்ஸ்': பெற்றோர் கார் விபத்தில் போய்விட, தம்பிகள் இருவரையும் வளர்ப்பது மூத்தவன் டேரி. கண்டிப்புக்காரன், எப்போதும் சிடுசிடு. பதினாலு வயதில் படித்தால் வில்லன் மாதிரி இருப்பான். இப்போது அவன் வயதைக் கவனியுங்கள்: 20. அவனும் ஒரு பையன். கல்லூரிக்குப் போக வேண்டிய தோளில் கூரை ஓட்டைச் சுமந்து குடும்பம் நடத்துகிறான்.

'தி ஹேட் யூ கிவ்': போலீஸ் நிறுத்தினால் கையை எங்கே வைக்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று அப்பா மகளுக்குப் பாடம் எடுத்த இடம். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அன்றைக்கு அந்த அப்பாவின் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துக்கொண்டு படியுங்கள்.

'தி கிவர்' (லோயிஸ் லோரி, 1993): வலியே இல்லாத ஒழுங்கான ஊர். நாயகன் ஜோனஸின் அப்பா, பச்சைக் குழந்தைகளைப் பராமரிக்கும் மென்மையான மனிதர். இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததை விதிப்படி 'விடுவிக்கும்' வேலையும் அவருடையதே. கொஞ்சியபடியே ஊசி போடுகிறார். பன்னிரண்டு வயதில் அந்தக் காட்சி ஜோனஸின் அதிர்ச்சியாகத் தெரியும். அலுவலகத்தில் சொன்னதைச் செய்து பழகிய பிறகு அப்பாவின் முகம்தான் தெரியும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், இதை மட்டும் ராத்திரி எடுக்க வேண்டாம்.